பெருங்குடல் புற்றுநோயை உறுதிசெய்வது யார்?

கொலனோஸ்கோபி அறையிலிருந்து பேத்தாலஜி துறைக்கு வரும் பாட்டில் மிகச் சிறியது. உள்ளே ஃபார்மலினில் நாலைந்து சதைத் துணுக்குகள் கிடக்கும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. அந்தத் துணுக்குக்கு உரியவருக்குப் பல மாதங்களாக மலத்தில் ரத்தம் போயிருக்கும். ‘மூலம், பௌத்திரம்’ என்று சுவரில் விளம்பரம் எழுதிவைத்திருக்கும் ஏதோ ஒரு வைத்தியசாலையில் மருந்து வாங்கிச் சாப்பிட்டிருப்பார். ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரையும் விழுங்கியிருப்பார். கடைசியில் ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருப்பது தெரிந்திருக்கும்; கொலனோஸ்கோபியில் புண்ணோ கட்டியோ கண்ணில் பட்டிருக்கும். இவ்வளவுக்குப் பிறகும், அது புற்றுநோய்தானா என்ற கேள்விக்கு விடை அந்தப் பாட்டிலுக்குள்தான் இருக்கிறது. குடலை வெட்டி எடுப்பதா, முதலில் கதிர்வீச்சா, கீமோவா, இல்லை ஆறு மாதக் காசநோய் மாத்திரையே போதுமா என்பதெல்லாம் நுண்ணோக்கியில் ஒருவர் பார்த்துச் சொல்வதைப் பொறுத்தது.

பேத்தாலஜி துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். புற்றுநோய் சிகிச்சை என்றால் நம் ஊரில் கதிர்வீச்சுக் கருவியும் பெட் ஸ்கேனும் ரோபாட்டிக் அறுவை சிகிச்சையும்தான் செய்தியாகின்றன. அவற்றுக்குத்தான் திறப்பு விழா நடக்கிறது. அவற்றில் எதை யாருக்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் பயாப்ஸி மேசை, பல மருத்துவமனைகளில் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு மூலை அறையில் கிடக்கிறது. அதற்குத் தேவைப்படுவது பெரும் பணம்கூட இல்லை. ஒழுங்கும் ஆள்பலமும் இருந்தால் போதும். அவற்றைக் கொடுக்கத்தான் நமக்கு மனம் வரவில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் என் ஆதங்கம் புரியும். உடலிலிருந்து வெட்டி எடுத்த நிமிடம் முதலே செல்கள் அழுகத் தொடங்கும்; ஃபார்மலின்தான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. சில மணி நேரம் ஊறிய துணுக்கிலிருந்து நீரை வெளியேற்றி, மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற கருவியால் நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவுவார்கள். ஒரு மில்லிமீட்டரை 250 பங்காக்கினால் வரும் கனம் அது. கண்ணாடித் தகட்டில் ஏற்றி, ஹீமடாக்சிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்களைப் போட்டால் செல்லின் உட்கரு கருநீலமாகவும் மற்ற பகுதிகள் இளஞ்சிவப்பாகவும் தெரியும். முதல் சாயம் மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுக்கப்படுவது. ஏறக்குறைய 150 ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் இந்த இரட்டைச் சாயம்தான் இன்றும் உலகம் முழுவதும் புற்றுநோயை அறிவதற்கான முதல் படி.

ஆரோக்கியமான பெருங்குடலின் உள்படலத்தை இந்தச் சாயத்தில் பார்த்தால் அவ்வளவு ஒழுங்கு. சோதனைக் குழாய்களைத் தாங்கியில் வரிசையாக நிறுத்திவைத்ததுபோல, நேராக, ஒரே இடைவெளியில் சுரப்பிகள் நிற்கும். சுரப்பியின் சுவரில் சளி நிறைந்த கோப்பை செல்கள் வெளுத்துத் தெரியும். அவற்றின் உட்கருக்கள் அடியில் சின்னதாக ஒதுங்கியிருக்கும். சுரப்பியின் அடியில் பிறக்கும் செல் முதிர்ந்தபடி மேலே ஏறி, நாலைந்து நாளில் உதிர்ந்துவிடும்.

இந்த முதிர்ச்சி தடைப்படும்போது அடினோமா என்ற பாலிப் உருவாகிறது. உட்கருக்கள் நீண்டு, கறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து மேலே ஏறும். கோப்பை செல்கள் குறையும். அடியில் மட்டும் நடக்க வேண்டிய செல் பிரிவு மேற்பரப்பு வரை நடக்கும். ஒரு பக்கம் நல்ல சுரப்பி, அதை ஒட்டியே கறுத்த சுரப்பி என்று இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்ததைப் போன்ற எல்லையைக் காணலாம். அடினோமா புற்றுநோய் ஆகிவிடவில்லை, ஆக வாய்ப்புள்ளது. எந்தெந்த மரபணு மாற்றங்கள் சேர்ந்து அடினோமாவைப் புற்றுநோயாக்குகின்றன என்று ஃபியரனும் வோகல்ஸ்டைனும் 1990-ல் படிப்படியாக எழுதிக்காட்டினார்கள். அதற்குப் பொதுவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்த அவகாசத்தில் பாலிப்பை எடுத்துவிட்டால் புற்றுநோயே வராமல் தடுக்கலாம் என்பதை அமெரிக்காவில் நடந்த தேசிய பாலிப் ஆய்வு 1993-ல் காட்டியது.

அப்படியானால் எந்த இடத்தில் அதைப் புற்றுநோய் என்கிறோம்? பெருங்குடலில் இதற்கு ஒரு தெளிவான எல்லை உண்டு. சுரப்பிகளுக்குக் கீழே மஸ்குலாரிஸ் மியூக்கோசா என்ற மெல்லிய தசைப்பட்டை ஓடுகிறது. கெட்ட சுரப்பி அந்தப் பட்டையைத் தாண்டிக் கீழடுக்குக்குள் இறங்கினால்தான் அது பரவக்கூடிய புற்றுநோய். எவ்வளவு கொடூரமாகத் தோன்றினாலும், பட்டைக்கு மேலேயே நிற்கும்வரை அது நிணநீர்க்கணுவுக்குப் பரவும் ஆபத்து இல்லை என்றே கொள்கிறோம். கட்டியை முழுதாக எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது.

பட்டையைத் தாண்டிவிட்டதை உடல் காட்டிக்கொடுத்துவிடும். ஊடுருவும் சுரப்பிகள் ஒழுங்கற்று, கோணல் மாணலாக, ஒன்றோடொன்று ஒட்டிச் சல்லடைக் கண்களோடு தெரியும். சுரப்பிக் குழிக்குள் செத்த செல்களின் குப்பை தேங்கியிருக்கும். அழுக்கு நசிவு என்று நாங்கள் சொல்வது அதைத்தான், பெருங்குடல் புற்றுநோய்க்கு அது கிட்டத்தட்ட கையெழுத்து. முக்கியமான சாட்சி சுரப்பிகளைச் சுற்றியிருக்கும் திசு. வரக்கூடாதவர்கள் வந்துவிட்டதை உணர்ந்து உடல் அங்கே புதிதாக நார்த்திசுவைப் பின்னத் தொடங்கும். வெளிர்நீல வழவழப்பான அந்த நார்த்திசு கண்ணில் பட்டதும் சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும்.

பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான். மேசையில் அவ்வளவு சுலபமில்லை. கொலனோஸ்கோபி கருவியின் கவ்வி மேலாகத்தான் கிள்ளும்; பல துணுக்குகளில் தசைப்பட்டையே வந்திருக்காது. புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் வெறும் சீழும் செத்த திசுவும்தான் வரும். விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும், ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் ஆறேழு துணுக்குகளாவது எடுக்க வேண்டும். கண்ணெதிரே பெரிய கட்டி இருந்தும், ‘தீவிர டிஸ்பிளேசியா (செல்களின் ஒழுங்கு கெட்ட நிலை) இருக்கிறது, ஊடுருவல் பற்றி இந்தத் துணுக்கில் சொல்ல இயலவில்லை’ என்று எழுத வேண்டிவருவது இதனால்தான். அதைப் படித்துவிட்டு ‘பேத்தாலஜிக்காரர் மழுப்புகிறார்’ என்று சலித்துக்கொள்ளும் சர்ஜன்கள் உண்டு. துணுக்கில் இல்லாததை எழுதாமல் இருப்பதுதான் எங்கள் வேலையின் நேர்மை.

இதற்கு நேரெதிரான பொறியும் இருக்கிறது. பெருங்குடலின் சிக்மாய்டு பகுதியில் காம்போடு தொங்கும் பாலிப் முறுக்கிக்கொண்டால், அதன் சுரப்பிகள் தசைப்பட்டையைத் தாண்டிக் கீழே தள்ளப்பட்டுவிடும். பார்வைக்கு அப்படியே ஊடுருவிய புற்றுநோய். நிதானமாகப் பார்த்தால் சுரப்பிகளோடு அவற்றின் வழக்கமான சுற்றுத்திசுவும் சேர்ந்தே இறங்கியிருப்பதும், பழைய ரத்தக்கசிவின் பழுப்புத் துகள்கள் ஓரமாகப் படிந்திருப்பதும், நார்த்திசு பின்னப்படாமல் இருப்பதும் தெரியும். 2006-ல் தேசிய அளவில் குடல் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கிய இங்கிலாந்தில், இப்படிப்பட்ட பாலிப்புகளில் கைதேர்ந்தவர்களே ஒருவரோடு ஒருவர் மாறுபட்டார்கள். சிக்கலான தகடுகளை மறுபடி பார்த்துச் சொல்லவே அங்கே ஒரு நிபுணர் குழுவை அமைத்தார்கள். இன்னொருவரிடம் காட்டிக் கேட்பதை அங்கே கௌரவக் குறைச்சலாகக் கருதுவதில்லை.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் காசநோய். சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் இடத்தில் வரும் காசநோய், ஸ்கேனிலும் கொலனோஸ்கோபியிலும் அச்சு அசலாகப் புற்றுநோயைப் போலவே இருக்கும். எடை குறைவு, வயிற்றுவலி, அடைப்பு எல்லாம் இரண்டுக்கும் பொது. கிரானுலோமா என்ற செல் திரள்களும், அவற்றின் நடுவில் பாலாடைக்கட்டிபோலத் தோன்றும் நசிவும் தெரிந்தால் காசநோய் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் திரள்கள் பெரும்பாலும் ஆழத்தில் இருக்கும். மேலாகக் கிள்ளிய துணுக்கில் சிக்காது. அப்போது ‘எதற்கும் காசநோய் மாத்திரையை ஆரம்பிப்போம்’ என்று தொடங்கி, இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் புற்றுநோய் வளர்ந்து நிற்கும். பயாப்ஸியைத் திரும்ப எடுக்கச் சொல்லும் ரிப்போர்ட்டை அலட்சியப்படுத்துவதற்கு நோயாளி கொடுக்கும் விலை இது.

கையில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய ஒருவரின் மலக்குடல் பயாப்ஸி. கூட வந்த படிவத்தில் பெயர், வயது, ‘மலக்குடல் கட்டி, புற்றுநோயா?’ என்ற ஒரே வரி. தகட்டில் சுரப்பிகள் ஊடுருவியிருந்தன. புற்றுநோய் என்பதில் ஐயமில்லை. ஆனால் சுரப்பிகள் மிகச் சின்னவை. அழுக்கு நசிவு துளியும் இல்லை. உட்கருக்கள் நீளாமல் உருண்டையாக, நடுவில் பளிச்சென்ற புள்ளியோடு இருந்தன. மேலே இருந்த குடல் படலமோ சேதமில்லாமல் இருந்தது. வார்டுக்குப் போன் செய்து கேட்டபோதுதான், அவருக்கு வெகுநாளாக நீர்க்கடுப்பும், சிறுநீர் பிரியாத தொல்லையும் இருந்தது தெரிந்தது. புராஸ்டேட்டுக்கு உரிய பி.எஸ்.ஏ. புரதத்துக்குச் சாயம் போட்டுப் பார்த்தோம், பளீரென்று பிடித்தது. புராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோய் பின்னோக்கி வளர்ந்து மலக்குடலைத் துளைத்திருந்தது. மலக்குடலை அகற்றி வயிற்றில் பை வைக்க வேண்டிய அறுவை சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டியவர் ஹார்மோன் சிகிச்சைக்குப் போனார். அந்தப் படிவத்தில் இன்னும் ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகியிருக்குமா?

பெண்களில் இதேபோல, கருப்பையின் உள்படலத் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் குடல் சுவருக்குள் சுரப்பிகளை நட்டுவைத்துப் புற்றுநோயாகத் தோற்றமளிக்கும். அங்கேயும் மாதவிடாய்க்கால வலியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை எழுதியிருந்தால் பாதி குழப்பம் தீரும்.

புற்றுநோய் என்று உறுதியாகிக் குடலை வெட்டி எடுத்தபின் தகட்டின் வேலை முடிவதில்லை. உண்மையில் அங்கேதான் அது கனக்கிறது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பேத்தாலஜிஸ்ட் கத்பர்ட் டியூக்ஸ், வெட்டி எடுக்கப்பட்ட மலக்குடல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1932-ல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். கட்டி குடல் சுவருக்குள் நின்றால் ஏ, சுவரைத் தாண்டினால் பி, நிணநீர்க்கணுவுக்குப் போய்விட்டால் சி. இன்றைய டி.என்.எம். முறை எவ்வளவோ நுணுக்கமானது. ஆனாலும் எவ்வளவு ஆழம், எத்தனை கணு என்ற அவருடைய இரண்டு கேள்விகள் மாறவில்லை. கட்டி குடலோடு நிற்கும் நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்தாண்டு தாண்டி வாழ்கிறார்கள் என்கின்றன அமெரிக்கப் பதிவேடுகள். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அது ஆறில் ஒருவர் அளவுக்குச் சரிந்துவிடுகிறது.

குறைந்தது 12 கணுக்களையாவது தேடிப் பார்க்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விதி. தேடுவது கையால்தான். ஃபார்மலினில் ஊறிய குடலோடு ஒட்டிய கொழுப்பைத் துண்டு துண்டாக அரிந்து, விரல்களுக்கிடையே நசுக்கி, கடினமாகத் தட்டுப்படும் ஒவ்வொன்றையும் தனியே எடுத்துவைக்க வேண்டும். பல கணுக்கள் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு; கதிர்வீச்சு பெற்றவருக்கு இன்னும் சுருங்கியிருக்கும். ஃபார்மலின் நெடியில் கண்ணெரிச்சலோடு ஒரு மணி நேரம் நின்று செய்கிற வேலை. பெரும்பாலும் இதைப் புதிதாகச் சேர்ந்த முதுநிலை மாணவரிடம் விட்டுவிடுகிறோம். அவர் ஆறு கணுவோடு நிறுத்திக்கொண்டு, ஏழாவதில் நோய் இருந்திருந்தால், மூன்றாம் நிலை நோயாளி இரண்டாம் நிலை என்று எழுதப்பட்டு, கீமோ கிடைக்காமல் வீட்டுக்குப் போய்விடுவார். கணுக்களின் எண்ணிக்கை ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பார்க்க நோயாளியின் உறவினருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத் தகடு இன்னும் சொல்லும். கட்டியின் முன்விளிம்பில் செல்கள் தனித்தனியாகவோ, நான்கு வரையிலான சின்னக் கூட்டமாகவோ பிரிந்து போவதை மொட்டுவிடுதல் என்கிறோம். 2016-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய நிபுணர்கள் இதை எண்ணுவதற்கு ஒரே முறையை வகுத்தார்கள்: 0.785 சதுர மில்லிமீட்டர் பரப்பில் நான்கு வரை குறைவு, ஐந்து முதல் ஒன்பது நடுத்தரம், பத்தோ அதற்கு மேலோ அதிகம். கொலனோஸ்கோபியிலேயே அகற்றிய பாலிப்பில் தொடக்கநிலைப் புற்றுநோய் இருந்தால், அதோடு விடலாமா, குடலின் ஒரு பகுதியையும் எடுத்தாக வேண்டுமா என்ற முடிவில் இந்த எண்ணிக்கைக்கும் பங்குண்டு. ரத்தக்குழாய்க்குள் செல்கள் நுழைந்திருக்கின்றனவா, எவ்வளவு ஆழம், வெட்டிய விளிம்பு சுத்தமா என்பவையும் சேர வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ‘அடினோகார்சினோமா’ என்ற ஒற்றைச் சொல்லோடு வெளியே போகும் ரிப்போர்ட்டை அரைகுறை ரிப்போர்ட் என்றுதான் சொல்வேன்.

பேத்தாலஜியின் வரலாற்றில் என்னை மிகவும் பாதித்தது ஒரு தையற்காரப் பெண்ணின் கதை. 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற பேத்தாலஜிஸ்ட்டிடம் அந்தப் பெண், தன் குடும்பத்தில் பலர் குடல் புற்றுநோயாலும் கருப்பைப் புற்றுநோயாலும் இறந்ததைச் சொல்லி, தானும் அப்படித்தான் சாவேன் என்றார். சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். வார்தின் அந்தப் பேச்சைத் தட்டிக்கழிக்கவில்லை. குடும்பத்தை விடாமல் தொடர்ந்து, 1913-ல் வெளியிட்டார். ஹென்றி லிஞ்ச் 1960-களில் அதே போன்ற குடும்பங்களைத் தேடிப் போனார். இன்று அந்தப் பரம்பரை நோய் அவர் பெயரில் வழங்குகிறது. டி.என்.ஏ.வில் விழும் பிழைகளைத் திருத்தும் மரபணு ஒன்று பிறப்பிலேயே பழுதாக இருப்பதுதான் காரணம்.

இந்தப் பழுதைத் தகட்டிலேயே கண்டுபிடிக்கலாம். எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கு புரதங்களுக்குச் சாயம் போட்டால் போதும். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 15% பேருக்கு இவற்றில் ஏதாவது காணாமல் போயிருக்கும். அவர்களில் ஒரு பகுதியினருக்கு அது பரம்பரையாக வந்தது. சாயம் போடும் முன்பே, வலப்பக்கக் குடல், சளி நிறைந்த கட்டி, புற்றுநோய் செல்களுக்கிடையே நுழைந்து நிற்கும் ஏராளமான லிம்போசைட்டுகள் ஆகியவற்றைப் பார்த்துச் சந்தேகப்பட முடியும். சிகிச்சையையும் இது தலைகீழாக மாற்றுகிறது. இந்தப் புரதங்களில் ஏதாவது இல்லாத மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கு நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஆறு மாதம் எதிர்ப்பாற்றல் மருந்து மட்டும் கொடுத்தார்கள்; 12 பேருக்கும் கட்டி மறைந்தது என்று 2022-ல் அறிவித்தார்கள். கத்தி இல்லை, கதிர்வீச்சு இல்லை. அந்த நான்கு சாயங்களைப் போடாத ஊரில் அப்படிப்பட்ட நோயாளி ஒருவர் இருந்தால், அது யாருக்கும் தெரியவே போவதில்லை.

உலகில் 2022-ல் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாகப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வந்தது. ஒன்பது லட்சம் பேர் இறந்தார்கள். மேலை நாடுகளைவிட இந்தியாவில் விகிதம் குறைவு. அதனாலேயே நம் தேசியத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்கு மட்டும் முன்கூட்டிய பரிசோதனை வைத்திருக்கிறது. அறிகுறி வந்த பின்னரே குடலைப் பார்க்கிறோம். நம் மருத்துவமனைகளுக்கு வருபவர்களில் இளையவர்கள் கணிசம். அவர்களிடம் மோதிர முத்திரை செல் வகை அடிக்கடி தென்படுகிறது. இந்த வகை சுரப்பியாகத் திரளாது. சளியால் உப்பிய செல்கள் ஒற்றை ஒற்றையாகச் சிதறி, அழற்சி செல்களின் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். முப்பது வயதுக்காரருக்குப் புற்றுநோய் எங்கே வரப்போகிறது என்ற நினைப்போடு அவசரமாகத் தகட்டை நகர்த்தினால் தவறிவிடும். ஒருவர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தகடுகளைப் பார்க்க நேரும் துறையில் அவசரம் யாருடைய குற்றம்?

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒவ்வோர் அறுவை அரங்கிலும் கொலனோஸ்கோபி அறையிலும் திசுவின் அளவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் தயாராக இருக்க வேண்டும். துணுக்கை உப்புநீரில் போட்டோ, வெறும் பஞ்சில் சுற்றியோ, உறவினர் கையில் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பும் வழக்கம் இன்றோடு ஒழிய வேண்டும். படிவம் நிரப்பாத மாதிரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் ஆய்வகத்துக்கு வேண்டும். குடல் புற்றுநோய்க்கு ஒரே வடிவிலான ரிப்போர்ட்டை மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கலாம். ஆழம், கணுக்களின் எண்ணிக்கை, விளிம்பு, மொட்டுவிடுதல் என்று எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. நான்கு புரதச் சாயம் எல்லா அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் எல்லாக் குடல் புற்றுநோயாளிகளுக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தகடுகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வசதி வந்துவிட்டது. மாவட்டத் தலைநகரில் இருப்பவர் சந்தேகமான தகட்டைச் சென்னையிலோ வேலூரிலோ உள்ள குடல்துறை நிபுணரிடம் அன்றைக்கே காட்ட இதைப் பயன்படுத்தலாம். செயற்கை நுண்ணறிவு கணுவில் ஒளிந்திருக்கும் செல்லைச் சுட்டிக்காட்ட நிச்சயம் உதவும். ஆனால் கொழுப்பிலிருந்து தேடி எடுக்கப்படாத கணுவை எந்த மென்பொருளும் பார்க்காது.

நோயாளிகளின் குடும்பத்தார் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ரிப்போர்ட் காகிதத்தோடு, ஸ்லைடையும் மெழுகுக் கட்டையையும் கேட்டால் கொடுப்பார்கள். அவை உங்கள் உடம்பின் பகுதி, இரண்டாவது கருத்துக்கு எடுத்துச் செல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முறையாகப் பாதுகாத்தால் மெழுகுக் கட்டை பல பத்தாண்டுகள் கெடாது. நாற்பது வயதில் குடல் புற்றுநோயால் இறந்த ஓர் அம்மாவின் கட்டையிலிருந்து இன்று புதிதாகச் சீவி, அந்த நான்கு சாயங்களைப் போட்டுப் பார்க்க முடியும். ஒன்று காணாமல் போயிருந்தால் மகளுக்கும் மகனுக்கும் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்து, பழுது இருப்பவருக்கு மட்டும் இருபது, முப்பது வயதிலிருந்தே ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி செய்து, பாலிப்பாக இருக்கும்போதே எடுத்துவிடலாம்.